ஆறாவது பார்

காலை பதினொன்று பத்துக்கு, ஒன்று, இரண்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணிப் பாட்டைத் தொடங்கியவன் கிளமென்ட் சவரிராயன். சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம், 2016 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாக்ஸபோன் அவனுடையது. டிரம்ஸில் ஷௌகத் பாய். பேஸ் வாசிக்க வேண்டியவருக்கு டெங்கு. அவர் பங்கைப் பிறகு ஒட்டிக்கொள்வார்கள். பியானோவில் ஹெப்சிபா ராஜமணி, வயது நாற்பத்து நான்கு. ஹெட்ஃபோனுக்குள் அவன் எண்ணிய நான்கும் மண்டையில் ஆணி மாதிரி இறங்கின. ஐந்தாவதை அவளே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்: திருடன். சொல்லிவிட்டு இரண்டு கையையும் பி ஃப்ளாட் சுரத்தில் வைத்தாள். வேலை வேலைதான். பாட்டு அவளுடையது, பெயர் அவனுடையது, அதற்கு அவள் பக்கவாத்தியம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜைமேல் ஒட்டியிருந்த தாளில் மூன்றாவது வரி: 'ஃபார் மோனிகா, இயற்றியவர் கிளமென்ட் சவரிராயன்.' மோனிகா அவன் மனைவி. நல்ல பெண், போன மாதம்கூட கட்லெட் கொடுத்தனுப்பினாள். பெண்டாட்டிக்குப் பிறந்தநாள் பரிசு வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போக வேண்டியதுதானே, பாண்டி பஜாரில் இல்லாத நகைக்கடையா, அடுத்தவள் பெட்டியைத் திறந்து எடுத்துக் கட்டிவிடுவதா. முதல் எட்டு பார் முடிந்தது. நாலு எண்ணிக்கை ஒரு பார். எட்டு எட்டாக நான்கு துண்டு, முப்பத்திரண்டு பார், அதுதான் மொத்தப் பாட்டு. ஒரு சுரம் விடாமல் அவள் 2003-ல் எழுதியபடியே ஊதுகிறான். மூன்றாவது பாரில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சின்ன இடைவெளி, அதைக்கூட விட்டுவைக்கவில்லை. திருடுகிறவன் வீட்டைப் பெருக்கி, குப்பையையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

புதன்கிழமை ஒத்திகையில் அவள் வாயைத் திறந்து சொன்னாள், சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "கிளம், இது என்னோடது." "எது?" "இந்தப் பாட்டு. நான் எழுதினது. நாம லாபியில வாசிச்சோமே." அவன் சாக்ஸபோனின் வாய்த்துண்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்தான். "ஹெப்சி, ஹெப்சி. இது அந்தப் பழைய அமெரிக்கப் பாட்டோட கார்ட்ஸ். உலகத்துல பாதிப் பேர் அது மேல எழுதியிருக்கான். கார்ட்ஸுக்கு யாரும் பட்டா வாங்க முடியாது." "நான் கார்ட்ஸைச் சொல்லல. மேல ஓடறதைச் சொல்றேன்." "ஒரே கார்ட்ஸ் மேல எழுதினா ஒண்ணைப் போல ஒண்ணு இருக்கத்தான் செய்யும். ஷௌகத் பாய், நீங்களே சொல்லுங்க." ஷௌகத் பாய்க்கு அறுபது வயது, சண்டை என்றால் ஆகாது. "எனக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதாம்ப்பா. நாலு, நாலு, நாலு." எல்லோரும் சிரித்தார்கள். ஒலிப்பதிவு செய்யும் கோகுலும் சிரித்தான், அவனுக்கு விஷயமே தெரியாது. அவளும் சிரித்தாள். அதுதான் இன்று காலைவரை அவள் தொண்டையில் நிற்கிறது, அவளும் சிரித்தது. கார்டு என்பது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கிற அடுக்கு. பழைய பாட்டு ஒன்றின் அடுக்குகளை வரிசை மாறாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே இருந்த மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மெட்டு எழுதுவது இந்த ஜாஸ்காரர்கள் எழுபது வருஷமாகச் செய்வது. அதில் தப்பே இல்லை. சட்டமும் கேட்காது. கல்யாணி ராகம் யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. ஆனால் கல்யாணியில் ஒருவர் கீர்த்தனை எழுதினால் அது அவருடையது, கடைசி வரியில் முத்திரை வைத்துவிட்டுப் போகிறார், முந்நூறு வருஷம் கழித்துப் பாடுகிறவனும் அந்தப் பெயரை வாயால் சொல்லாமல் முடிக்க முடியாது. அவள் எழுதியதற்கு முத்திரை கிடையாது. எழுதிய தாள் அவனிடம்தான் இருந்தது, வீடு மாறியபோது போய்விட்டது என்று 2009-லேயே சொல்லியிருக்கிறான். ஒலிநாடா எதுவும் இல்லை. கேட்டவர்கள் ஓட்டல் லாபியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள். சாட்சி சொல்ல யாரைக் கூப்பிடுவது, சமோசாவையா?

இரண்டாவது எட்டும் போய்க்கொண்டிருந்தது. இடது கை அதுபாட்டுக்குப் போகிறது, அதற்கு மூளை தேவையில்லை, மூளை வேறு இடத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறது. ஒருவேளை அவன் சொல்வதுதான் உண்மையோ என்ற பயம் புதன்கிழமை ராத்திரி முதல் வந்து வந்து போகிறது. பதின்மூன்று வருஷம். அந்த லாபியில் ஐந்து வருஷம், தினமும் மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை இரண்டு பேரும் ஒன்றாக வாசித்திருக்கிறார்கள். யார் எதை முதலில் வாசித்தார்கள், யார் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் சோறும் குழம்பும் மாதிரி கலந்து கிடக்கிறது. நாற்பத்து நான்கு வயதுப் பெண் 'இது என்னோடது' என்றால் மெனோபாஸ் என்பான்கள். இனிமேல் கூப்பிட மாட்டான்கள். 'ஹெப்சி மேடமா, நல்லா வாசிப்பாங்க, ஆனா கொஞ்சம் மூட் டைப்' என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொன்னால் போதும், நகரத்தில் ஜாஸ் வாசிக்கிற பதினெட்டுப் பேருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். இல்லை. அவளுக்குத் தெரியும். எழுதிய நாள் தெரியும். டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த வரன், முப்பத்தொரு வயதில் கடைசியாக வந்தது, ஓட்டலில் வாசிக்கிற பெண் வேண்டாமாம் என்று தரகர் போனில் சொன்ன நாள். மாப்பிள்ளையை அவள் ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், அவன் போனதில் வருத்தம் இல்லை. 'வேண்டாமாம்' என்ற அந்த 'ஆம்'தான் எரிந்தது. இரண்டே முக்காலுக்கு லாபிக்கு வந்து, சீருடைப் புடவை மாற்றாமல், பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பத்தே நிமிஷத்தில் எழுதினாள். அவன் பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். வடை. அதையும் அவள் மறக்கவில்லை, எண்ணெய்க் கையோடு தாளைத் தொடப் போனான், தொடாதே என்றாள்.

பிரிட்ஜ் வந்தது. நடுவில் வரும் மூன்றாவது எட்டுக்கு அதுதான் பெயர். இந்த வகைப் பாட்டுகளில் பல பேர் பிரிட்ஜுக்கு மெட்டே எழுதுவதில்லை, எட்டு பாரையும் ஊதுகிறவன் கையில் விட்டுவிடுவார்கள், அந்த நேரத்தில் தோன்றியதை ஊதிக்கொள் என்று. புதன்கிழமை அவன் அப்படித்தான் ஊதினான், "பிரிட்ஜ் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று எதையோ ஊதித் தள்ளினான். இன்று அப்படி இல்லை. முதல் சுரத்திலேயே அவள் முதுகு நிமிர்ந்தது. எழுதப்பட்ட பிரிட்ஜ். அவளுடைய பிரிட்ஜ். டி கார்டு, இரண்டு பார். ஜி, இரண்டு பார். பாவி, அதையும் வைத்திருக்கிறான், ஒத்திகையில் ஒளித்துவிட்டு மைக் முன்னால் எடுக்கிறான். சி, ஒரு பார். ஆறாவது பாரில் அவள் கை தானாக ஈ மேஜர் கார்டுக்குப் போனது, எப்போதும் போகிற மாதிரி. அதே நொடியில் அவன் பி சுரத்தை எடுத்து நாலு எண்ணிக்கையும் அசையாமல் நிறுத்தினான். கூடத்தில் திடீரென்று யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. ஷௌகத் பாய்கூடத் தலையைத் தூக்கினார். பிறகு ஏழு, எட்டு, கடைசித் துண்டு, மெட்டு முடிந்தது, அவன் தன் சொந்தக் கற்பனைக்குள் இறங்கினான். அது அவனால் முடியும், நன்றாகவே முடியும், அதுவும் எரிச்சல்தான்.

ஈ மேஜர். அவள் தன் வலது கையைப் பார்த்தாள், யாரோ தெரிந்தவரைச் சந்தையில் பார்க்கிற மாதிரி. அந்த இடத்தில் உலகத்தில் எவனும் ஈ மேஜர் போடமாட்டான். அங்கே சி இன்னொரு பார் நிற்க வேண்டும், மூலப் பாட்டில் அப்படித்தான், ஆயிரம் பேர் அதன்மேல் எழுதிய ஆயிரம் பாட்டிலும் அப்படித்தான். ஈ மேஜர் அவளுடைய தப்பு. தூத்துக்குடியில் அவளுக்குப் பதினாறு வயது, கப்பலில் போன அண்ணன் கொண்டுவந்த ஒரே ஒரு கேசட், அதில் அந்தப் பழைய அமெரிக்கப் பாட்டு. வீட்டு டேப் ரெக்கார்டரில் பிளே பொத்தானை அழுத்தினால் சில சமயம் ரெக்கார்ட் பொத்தானும் சேர்ந்து இறங்கும். இறங்கியது. சரியாகப் பிரிட்ஜின் ஆறாவது பாரில், பியானோவும் டிரம்பெட்டும் அறுந்து, அம்மாவின் குரல்: "ஏட்டி ஹெப்சி, அடுப்ப அணைச்சியா?" பிறகு டிரம்பெட் ஒன்றும் நடக்காத மாதிரி ஏழாவது பாரில் தொடரும். அந்த ஒரு பாருக்கு அடியில் என்ன கார்டு இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை, சர்ச் ஆர்கனில் தேடித் தேடி ஈ மேஜரை வைத்தாள், அது பொருந்திவிட்டது என்று நினைத்தாள். சென்னைக்கு வந்து, லாபியில் வாசிக்க ஆரம்பித்து, கிளமென்ட்தான் முதலில் சொன்னான், அது ராங் கார்டு என்று. தெரியும், இருக்கட்டும் என்றாள். தெரியாது, அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதற்குள் விரல் பழகிவிட்டது, அவனுக்கும் காது பழகிவிட்டது. டிசம்பர் ஒன்பது அன்று மெட்டு எழுதியபோது அந்தத் தப்பான கார்டின் மேல்தான் அந்த பி சுரத்தை நிறுத்தினாள், 'வேண்டாமாம்' என்று சொன்னவன் வாசலில் நகராமல் நிற்கிற மாதிரி. தன் பாட்டுக்கு 'அடுப்பு' என்று பெயர் வைத்தாள். சரியான கார்டின்மேல் அந்த பி நிற்காது. சி-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பல்லைக் கூசவைக்கும், சோற்றில் கல் கடித்த மாதிரி. எந்தச் சாக்ஸபோன்காரனும் தூக்கத்தில்கூட அங்கே அதை எழுதமாட்டான், கீழே அவள் உட்கார்ந்திருந்தால் ஒழிய. முத்திரை. எழுதிய தாள் போனால் போகட்டும், அவள் முத்திரையை அவனே ஊதிக்கொண்டிருக்கிறான், அவனுக்கே தெரியாமல், நாலு எண்ணிக்கை, மைக் முன்னால்.

அவனுடைய கற்பனை மூன்று சுற்று ஓடியது. மூன்று சுற்றிலும் ஆறாவது பார் வந்தபோதெல்லாம் அவள் ஈ மேஜர் போட்டாள், பொறுமையாக, தூண்டிலில் புழு குத்துகிறவளைப் போல. அவன் ஒவ்வொரு தடவையும் அதன்மேல் சாய்ந்தான், சொந்தத் திண்டில் சாய்கிற மாதிரி. சாய்ந்துகொள், சாய்ந்துகொள். காது மடல் சுட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி அவன் தலையில் எறியவும் தோன்றியது, இரண்டாயிரத்து மூன்றிலிருந்து எறியாதது எல்லாவற்றையும் சேர்த்து. ஓட்டல் மேலாளர் 'பியானோ பொண்ணு' என்று கூப்பிட்டது, கிளமென்டை 'மிஸ்டர் சவரிராயன்' என்று கூப்பிட்டது. பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரர் அவளிடம் 'சார் கூட வாசிக்கிறது எப்படி இருக்கு' என்று கேட்டது. புதன்கிழமைச் சிரிப்பு. அதற்குள் அவள் சுற்று வந்து, என்ன வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாமல் இரண்டு சுற்று வாசித்து, கோகுல் கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கடைசித் தடவை மெட்டு. முதல் எட்டு. இரண்டாவது எட்டு. பிரிட்ஜ். டி, டி. ஜி, ஜி. சி. அவன் நெஞ்சு நிறைய மூச்சு எடுத்து, கண்ணை மூடி, பி-யை நிறுத்தினான். அவள் பத்து விரலாலும் சி-யைப் போட்டாள். சரியான கார்டு. உலகமெல்லாம் போடுகிற கார்டு.

கூசியது. சாக்ஸபோன் அரை எண்ணிக்கை தடுமாறி, அறுந்தது. ஷௌகத் பாய் இன்னும் ஒரு பார் தட்டிவிட்டு நிறுத்தினார்.

"சார், என்ன ஆச்சு?" என்றது கோகுலின் குரல். "நல்ல டேக் சார் அது."

"ஹெப்சி." கிளமென்ட் வாய்த்துண்டை உதட்டிலிருந்து எடுத்தான். "ஆறாவது பார்ல என்ன போட்ட?"

"சி."

"அங்க சி இல்லையே. முதல்லேருந்து சரியாத்தானே போட்டுட்டு வந்த?"

"முதல்லேருந்து தப்பாப் போட்டேன். இப்பப் போட்டதுதான் சரி. கோகுல், உங்க ஃபோன்ல அந்தப் பழைய பாட்டு இருக்கா? பிரிட்ஜை மட்டும் போடுங்க."

கோகுல் போட்டான். ஸ்பீக்கரில் யாரோ எப்போதோ செத்துப்போன அமெரிக்கர்கள் பிரிட்ஜை வாசித்தார்கள். ஐந்தாவது பார் சி. ஆறாவது பார் சி.

"அங்க ஈ மேஜர் போடறவ உலகத்துலயே ஒருத்திதான்," என்றாள் ஹெப்சிபா. "ஏன்னு உனக்கும் தெரியும், எங்கம்மா குரலை நீயே ஆயிரம் தடவ மிமிக்ரி பண்ணிக் காட்டியிருக்க. கார்ட்ஸ்தானே எடுத்தேன்னு சொன்ன. சரி, எடு. அந்த கார்ட்ஸ் மேல அந்த பி எங்கேருந்து வந்துச்சு? சொல்லு கிளம். எல்லாரும் இருக்காங்க, சொல்லு."

ஷௌகத் பாய் டிரம்ஸின் வெண்கலத் தட்டுத் திருகாணியை இறுக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. கிளமென்ட் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியில் அவள் அவன் முகத்தில் எல்லாவற்றையும் பார்த்தாள், வடை தின்ற சோபா, எண்ணெய்க் கை, தாள், எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது, நன்றாக ஞாபகம் இருந்தது. இதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். முட்டாள். அவன் சிரித்தான்.

"அட ஆமா," என்றான். "இத்தனை வருஷமா உன்னைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தத் தப்பு தொத்திக்கிச்சு. நல்ல வேளை, பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்ன. மும்பை ஜாஸ்காரனுங்க கேட்டிருந்தா மானம் போயிருக்கும்." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தாளில் ஒரு சுரத்தின் பக்கத்தில் ஃப்ளாட் குறி ஒன்று போட்டான். வேலை முடிந்தது. "பி ஃப்ளாட். இப்ப சரியா உக்காந்துடும். கோகுல், இன்னொரு டேக். தாங்க்ஸ் ஹெப்சி, ரியலி."

"ஷௌகத் பாய், நீங்களாவது சொல்லுங்க," என்றாள் அவள்.

"அவர்தான் சரி பண்ணிட்டாரேம்மா," என்றார் ஷௌகத் பாய், திருகாணியிடம். "உடு. நாலு, நாலு, நாலு."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. ஒரே ஒரு பென்சில் குறி. அரை சுரம் கீழே. அவள் கையிலிருந்த ஒரே சாட்சியைத் தானே எடுத்துக் கொண்டுபோய், இதோ இங்கேதான் உன் விரல்ரேகை இருக்கிறது, துடைத்துக்கொள் என்று காட்டிக் கொடுத்திருக்கிறாள். பேசாமல் ஈ மேஜரையே போட்டிருந்தால் அது இசைத்தட்டில் ஏறியிருக்கும், என்றைக்காவது எவனாவது காது உள்ளவன் கேட்டு, இது என்ன இந்த இடத்தில் என்று கேட்டிருப்பான், அப்போது சொல்லியிருக்கலாம். கோபம். கோபத்துக்குப் பொறுமை கிடையாது, அது அப்போதே பதில் கேட்கும், கேட்டது, வாங்கிக்கொண்டது. எழுந்து போய்விடலாமா? போனால் மாலை நாலு மணிக்குள் பெங்களூரிலிருந்து ஒருவன் வந்துவிடுவான், சி போடுவான், சந்தோஷமாகப் போடுவான், வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது. அவள் இருந்தால்? அவன் இப்போது பி ஃப்ளாட் ஊதப் போகிறான். அதன்மேல் ஈ மேஜரைப் போட்டால் கூசும், இந்தத் தடவை தப்பு அவளுடையது, எல்லோர் முன்னாலும், கோகுல் ஃபோனில் ஆதாரத்தோடு. அவளுடைய கார்டு இனி அவளுடைய பாட்டிலேயே தப்பு. இதை யாரிடம் போய் விளக்குவது, எந்த வக்கீலுக்கு இது தலையில் ஏறும், பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் ஒருத்தியின் டிசம்பர் மாதம் இருந்தது என்று எந்த மனுவில் எழுதுவது.

ஒன்று, இரண்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு. கை போனது. கை எப்போதும் போகும், அதுதான் கையின் கேவலம். முதல் எட்டு. இரண்டாவது எட்டு, அந்த மூச்சு இடைவெளி, அதையும் அழகாக விட்டான். பிரிட்ஜ். டி. டி. தாடை வலிக்கும் அளவுக்குப் பல்லைக் கடித்திருந்தாள். ஜி. ஜி. சி போட மாட்டேன். நீ துடைத்த இடத்தில் நான் துணி போட்டு மெழுக மாட்டேன். ஈ போட முடியாது. போடக்கூடாது. சி, ஐந்தாவது பார். ஆறாவது பார் வந்தது. அவள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு எண்ணிக்கைக்குப் பியானோ இல்லை. அவன் பி ஃப்ளாட் மட்டும் நடுக்கூடத்தில் அம்மணமாக நின்றது, பின்னால் ஷௌகத் பாயின் தட்டு சிணுங்கியது. ஏழாவது பாரில் கையை மேலே வைத்தாள். எல்லாச் சுற்றிலும் அப்படியே செய்தாள், ஒன்றுவிடாமல், தன் சுற்றிலும்கூட. நிறுத்துவான், கத்துவான், கத்தினால் பதிலுக்குக் கத்தலாம் என்று காத்திருந்தாள், கத்தத் தயாராக வாயில் வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அவன் நிறுத்தவில்லை. மெட்டு முடிந்து, கடைசித் தட்டின் சத்தம் கரைகிறவரை யாரும் அசையவில்லை.

"சூப்பர் மேடம்," என்றான் கோகுல் ஹெட்ஃபோனுக்குள். "அந்த கேப் செமையா இருந்துச்சு. பிளான் பண்ணினதா?"

"ஆமா," என்றான் கிளமென்ட்.

2017 பிப்ரவரி 9, வியாழக்கிழமை அந்த இசைத்தட்டு வெளியானது. மூன்றாவது பாட்டின் நீளம் ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி. அடுத்த ஞாயிறு ஓர் ஆங்கில நாளிதழின் விமர்சனம், பிரிட்ஜில் பியானோ ஒரு பார் மௌனமாகும் இடத்தைத் தனியாகக் குறிப்பிட்டு, அப்படி எழுதத் துணிந்ததற்காக இயற்றியவரைப் பாராட்டியிருந்தது.